ஆறு நர்ஸம்மாக்களும் ஒரு நாற்காலியும்

பயிற்சி கொடுக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: நமக்குத் தெரியாததை, அது நன்றாகத் தெரிந்தவர்களுக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு, கைதட்டலும் வாங்கிக்கொண்டு மாலை ரயிலைப் பிடித்துவிடலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் தொடங்கி ஏழெட்டு வருடம் நான் அந்தத் தொழிலில் இருந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. மருத்துவமனைகளிலும் சுகாதார நிலையங்களிலும் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களைக் கூப்பிட்டு, அந்த நாலு பேரும் மனம் ஒடிந்துபோகாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று சொல்லித் தர வேண்டும். எங்கள் அச்சுத்தாளில் இதற்குத் 'தாங்குதிறன்' என்று பெயர். அரக்கோணத்தில் காலை ரயில் ஏறி, கண்ணாடித் தாளில் எழுதியதைச் சுவரில் பெரிதாகக் காட்டும் ஓ.எச்.பி. பெட்டியைத் தோளில் சுமந்து, திருத்தணியில் இறங்குவேன். எனக்கு அப்போது வயது இருபத்தொன்பது. தாங்குதிறன் என்று என்னிடம் இருந்தது அந்தப் பெட்டியைத் தாங்கிய தோள் மட்டும்தான்.

நீங்களும் என்றைக்காவது 'பயிற்சிக்குப் போ' என்று விரட்டப்பட்டு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருக உட்கார்ந்திருப்பீர்கள். எதிரே நின்று பேசிக்கொண்டிருந்தவன் பட்ட பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவமானங்களை மாற்றவில்லை.

தாமதமாக வந்தவர்

ஒரு வைகாசி மாதம். மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் மூன்று நாள் பயிற்சி. பத்து மணிக்குத் தொடங்கிவிட்டேன். பத்தே முக்கால் வாக்கில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். சுலோசனா சிஸ்டர். கிராமம் கிராமமாகப் போய் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் பார்க்கிற ஆறு நர்ஸம்மாக்களுக்கு மேற்பார்வையாளர்.

நான் அப்போது புதுப் பானை, சூடு அதிகம். "பத்து மணின்னா பத்து மணிதான் சிஸ்டர். தலைமையில இருக்கறவங்களே லேட்டா வந்தா டீம் என்ன கத்துக்கும்?" என்று ஆரம்பித்து, நேரத்தின் அருமை பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். அந்த அம்மா அசையாமல் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டார். பிறகு, "பதற்றம் என்றால் என்ன? ஒவ்வொருவரும் ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்ற என் முதல் கேள்வியை, தண்டனை மாதிரி அவரிடமே கேட்டேன்.

அவர் கையில் இருந்த பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "கனகம்மாசத்திரம் தாண்டி பஸ்ஸு வந்துகினு இருந்திச்சி சார். பின்னாடி சீட்டுல ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துட்டுது. பஸ்ஸ ஓரங்கட்டச் சொல்லி, ஆம்பளங்கள எறக்கி வுட்டுட்டு, அங்கயே பாத்து எடுத்தாச்சி. தொப்புள்கொடிய முடிய கண்டக்டர் பையில நூலு கெடச்சிது. தாயையும் புள்ளையையும் ஆஸ்பத்திரில சேத்துட்டு நேரா இங்கதான் வரேன். பொம்பளப் புள்ள, ரெண்டே முக்கா கிலோ. சொல்லுங்க சார், டென்ஷன்னா என்னா?"

வந்த காரணம்

எதற்காக இந்தப் பயிற்சிக்கு வந்தீர்கள் என்று வட்டமாக உட்காரவைத்துக் கேட்பது எங்கள் வழக்கம். இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு பேர் ஒரே பதில் சொன்னார்கள்: "அனுப்பிச்சாங்க, வந்தோம்." இது நேர்மையான பதில் என்பதால் நானும் தலையாட்டிக்கொண்டே வந்தேன். இருபத்திரண்டாவது ஆள் சுலோசனா சிஸ்டர். பையிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தார். அதில் ஆறு பெயர்கள் இருந்தன.

அவருடைய ஆறு நர்ஸம்மாக்களும் ஒரே வாரத்தில் மாறுதல் கேட்டு மனுக் கொடுத்திருந்தார்கள். ஆறு மனுவிலும் ஒரே காரணம், 'குடும்பச் சூழ்நிலை'. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடி வரும், மலையில் மருத்துவ முகாம் போட வேண்டும் என்பதால் அதுவரை யாரையும் விடமாட்டார்கள். அது முடிந்ததும் உத்தரவு வந்துவிடும். புது ஆள் எப்போது வருவார் என்பது முருகனுக்கே வெளிச்சம். அதுவரை பதினெட்டு கிராமத்துக் கர்ப்பிணிகளுக்கும் இவர் ஒருவர்தான். இதையெல்லாம் அழாமல் கொள்ளாமல், மாதாந்திர அறிக்கை படிக்கிற குரலில் சொன்னார்.

அதுவரை என் பயிற்சியில் யாரும் உண்மையான ஒரு பிரச்சினையைக் கொண்டுவந்ததில்லை. "கவலைப்படாதீங்க, எல்லாம் வரிசையா வரும்" என்று சமாளித்தேன். அவர் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கேட்டார்: "மூணு நாள்தான சார் பயிற்சி? அதுக்குள்ள வந்துடுமா?"

காணாமல்போன இருபத்திரண்டு பேர்

வைகாசி முகூர்த்த மாதம் என்பதை நான் யோசிக்கவில்லை. முதல் நாள் மாடியில் நாங்கள், கீழே கல்யாணம். நான் 'மன அமைதி' என்று சொல்லும்போதெல்லாம் கெட்டிமேளம் கொட்டியது. பன்னிரண்டரைக்கு, 'சிந்தித்து எழுதுங்கள்' என்று ஒரு தாளைக் கொடுத்துவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்தேன். திரும்பி வந்தால் மாடியில் யாரும் இல்லை. தாள்கள் மட்டும் மின்விசிறிக் காற்றில் சிந்தித்துக்கொண்டிருந்தன.

எங்களுக்குச் சொல்லியிருந்த சாப்பாட்டுப் பொட்டலம் தனியாக வந்து ஆறிக்கொண்டிருக்க, இருபத்திரண்டு பேரும் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்றும், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டார் என்றும் நினைத்து உபசரித்திருக்கிறார்கள். நான் சமையற்கட்டுக்கு ஓடி, தலைமைச் சமையல்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். தலைமுறை தலைமுறையாக மலைக்கோயில் விசேஷங்களுக்கும் கல்யாணங்களுக்கும் சமைக்கிற குடும்பம் அவருடையது. எத்தனை இலை கூடியது என்று அவர் கவலைப்படவே இல்லை. அவருடைய வருத்தம் வேறு.

"அதெல்லாம் இருக்கட்டும் நைனா. அஞ்சே நிமிஷத்துல எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டாங்களே, பாயசத்த நான் யாருக்குக் காச்சினேன்? இப்பிடி அவதி அவதியா துன்றதுக்கு எதனா பயிற்சி இருந்தா, அத மொதல்ல குடு."

மூச்சை இழுத்து விடுங்கள்

இரண்டாம் நாள் தலைப்பு: 'எதிர்பாராத இடையூறுகளை அமைதியாகச் சமாளித்தல்'. அதற்கென்று பதினான்கு கண்ணாடித் தாள்கள், மூன்று நிறத்தில், ராத்தூக்கம் கெட்டு எழுதியிருந்தேன். முதல் தாளைப் பெட்டியில் வைத்தேன். கரண்ட் போய்விட்டது.

மண்டபத்துக்கு மைக்செட்டும் ஜெனரேட்டரும் ஜாபர் பாயுடையவை. பஜாரில் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். ஜெனரேட்டர் கீழே மணமக்கள் வரவேற்புக்கு ஓடிக்கொண்டிருந்தது. மாடிக்கு இழுக்க ஒயர் போதாது என்றார். வந்ததே எனக்குக் கோபம். மண்டபத்து மேலாளரைத் திட்டினேன், மின்வாரியத்தைத் திட்டினேன். இதற்குச் சம்பந்தமே இல்லாமல், ஓரமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த ஒரு மருத்துவமனை மேற்பார்வையாளரையும் திட்டினேன். பெட்டியை ஓங்கித் தட்டினேன். பயிற்சியாளர் பட்டறையில் எனக்குக் கொடுத்த சான்றிதழில் 'நிதானமானவர்' என்று எழுதியிருந்தது, அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஜாபர் பாய் அவசரப்படாமல் அந்தக் கண்ணாடித் தாளை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். "கோவிச்சிக்காத சார். எல்லாம் நீ எழுதனதுதான், இத்தப் படி. 'ஒன்று: மூச்சை இழுத்து விடுங்கள்'னு போட்டுக்கீது பாரு."

விழுந்தவர்

மூன்றாம் நாள் ஒரு விளையாட்டு. நான் விசில் ஊதியதும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, பின்பக்கமாகச் சாய வேண்டும். பின்னால் நிற்கிற குழு பிடித்துக்கொள்ளும். நம்பிக்கை வளரும் என்பது தத்துவம். மற்ற ஊர்களில் சிரிப்பும் கைதட்டலுமாக முடியும் விளையாட்டு.

தேவராஜ் என்கிற சுகாதார ஆய்வாளர் முன்வந்தார். ஆள் நல்ல வாட்டசாட்டம். கண்ணை மூடிச் சாய்ந்தார். ஐந்து சிஸ்டர்கள் பூ மாதிரி பிடித்தார்கள். அதோடு விட்டிருக்க வேண்டுமா இல்லையா? அவர்களுக்குக் கை சும்மா இருக்காதே. ஒருவர் அவரைத் தரையில் கிடத்தினார், ஒருவர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார், ஒருவர் சட்டைப் பொத்தானைத் தளர்த்தினார், ஒருவர் என் பயிற்சிக் கையேட்டால் விசிறினார். சுலோசனா சிஸ்டர் நாடியைப் பிடித்துக்கொண்டு மணியைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, இது வெளையாட்டு" என்று தேவராஜ் கத்தினார். "எல்லாப் பேஷண்ட்டும் இதத்தான் சொல்லுவாங்க" என்று சொல்லி, சுலோசனா சிஸ்டர் தன் பையிலிருந்து ரத்த அழுத்தக் கருவியை எடுத்துப் பட்டியைச் சுற்றிவிட்டார். பார்த்தால் நிஜமாகவே எக்கச்சக்கம். அன்று சாயங்காலமே தேவராஜ் டாக்டரைப் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். என் பயிற்சியால் நேரடியாகப் பலன் அடைந்தவர் என்று அறிக்கையில் நான் எழுதிய ஒரே பெயர் அவருடையது.

அடுத்து சுலோசனா சிஸ்டரைக் கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். நம்பிக்கை வேண்டும், துணிவு வேண்டும் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். அவர் கருவியைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னார்: "வுழறவங்களப் புடிக்கறதுதான் சார் எங்க வேலை. நாங்க வுழறதில்ல."

நூற்றுக்கு நூறு மகிழ்ச்சி

மூன்று நாள் முடிந்தது. போகும்போது, "உங்கள் குழுவின் மனநிலையைத் தினமும் கவனியுங்கள், கவனித்ததைக் குறித்து வையுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து, ஆனியில், ஒருநாள் கூட்டம். இந்தத் தடவை குழுவையும் அழைத்து வாருங்கள் என்று கடிதம் போட்டிருந்தேன். சுலோசனா சிஸ்டர் ஆறு நர்ஸம்மாக்களோடும், அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றோடும் வந்தார்.

அட்டையில் 'மனநிலைப் பதிவேடு'. உள்ளே சிவப்பு மையில் கோடு. தேதி, பெயர், மனநிலை, கையொப்பம், மேற்பார்வையாளர் குறிப்பு. கீழே மாதக் கடைசி நிலவரம்: மகிழ்ச்சி, இலக்கு ஆறு, சாதனை ஆறு. சோர்வு, இன்மை. எனக்குத் தலை சுற்றியது. வேறு எந்தத் தொழில்காரர்களிடம் 'கவனியுங்கள்' என்று சொன்னாலும் கவனித்திருப்பார்கள் அல்லது மறந்திருப்பார்கள். இவர்களிடம் எதைச் சொன்னாலும் அது அறிக்கையாகிவிடும். இந்த வேலையில் குறிக்காதது நடக்காதது. நடுவில் ஒரே ஓர் இடத்தில் 'சோர்வு' என்று இருந்தது. அதைச் சிவப்பில் வட்டமிட்டு, 'விளக்கம் தருக' என்று சிஸ்டர் எழுதியிருந்தார். மறுநாளிலிருந்து அங்கேயும் மகிழ்ச்சிதான்.

மகிழ்ச்சி இவ்வளவு இருக்கிறதே, மாறுதல் மனுக்களைத் திரும்பப் பெற்றார்களா என்று கேட்டேன். "எவளும் வாங்கல சார், அதான் எனக்கும் புரியல" என்றார் சிஸ்டர். அந்தச் சோர்வுக்குச் சொந்தக்காரி ரேவதி, ஆறு பேரில் சின்னவள், கே.ஜி.கண்டிகையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தாள். டீ இடைவேளையில் தனியாக விசாரித்தேன்.

"'சோர்வு'ன்னு எழுதினா அரைப் பக்கம் விளக்கம் எழுதணும் சார். 'மகிழ்ச்சி'ன்னா ஒரே வார்த்த. பஸ்ஸுக்கு நேரமாவுது, மகிழ்ச்சின்னு போட்டுட்டுப் போயிகினே இருப்போம்."

விரல்

அன்று மதியம், இருந்த ஒரே ஆயுதத்தை எடுத்தேன். இடம் மாறி நடிப்பது. ரேவதி சிஸ்டராக, சிஸ்டர் ரேவதியாக. காட்சி, மாதாந்திர ஆய்வுக் கூட்டம். முதலில் மறுத்தார்கள், பிறகு ஆர்வம் வந்துவிட்டது. ரேவதி நாற்காலியில் உட்கார்ந்து, சிஸ்டர் மாதிரியே கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கியதுமே மற்ற ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுலோசனா சிஸ்டரும்தான்.

"போன மாசம் எத்தினி கர்ப்பிணிப் பதிவு?" என்றாள் ரேவதி. "பதினொண்ணு சிஸ்டர்." "எலக்கு?" "பதினாலு சிஸ்டர்." ரேவதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஆள்காட்டி விரலை மட்டும் மேலே தூக்கினாள். சிஸ்டர் எழுந்து நின்றார். ரேவதி பக்கத்தைப் புரட்டி அடுத்தவரிடம் போய்விட்டாள். அடுத்தவரும் நடித்தார், அதற்கடுத்தவரும் நடித்தார். வேடிக்கை சூடு பிடித்து ஆளாளுக்கு வசனம் பேச, நின்றவரை எல்லோரும் மறந்துவிட்டோம், நான் உட்பட. சிரிப்பு ஓய்ந்தபோதுதான் கவனித்தேன். அவர் நின்றுகொண்டே இருந்தார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றிக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு.

"போதும் சிஸ்டர், உக்காருங்க" என்றேன். "நீங்க சொல்லக் கூடாது சார், அவதான் சொல்லணும்" என்றார். அந்தக் கூட்டத்தின் விதி அது. இலக்குக் குறைந்தவர் கூட்டம் முடிகிறவரை நிற்க வேண்டும், நிறுத்தியவர் சொன்னால்தான் உட்காரலாம். ரேவதி பதறி எழுந்து, "ஐயோ, உக்காருங்க சிஸ்டர்" என்று கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

உட்கார்ந்ததும் சிஸ்டர் கேட்டார், "போன மாசம் ஒன்ன எவ்ளோ நேரம் நிக்க வெச்சேன்?" ரேவதி குனிந்துகொண்டு, "ரெண்டேகா மணி நேரம். அன்னிக்கி கிராமத்துலேருந்து பஸ் இல்லாம நடந்து வேற வந்தேன். பரவால்ல சிஸ்டர்" என்றாள். எனக்கு அந்த வைகாசிக் காலை நினைவுக்கு வந்தது. ஓடும் பஸ்ஸை நிறுத்திப் பிரசவம் பார்த்துவிட்டு வந்த அம்மாவை வாசலில் நிறுத்தி, நேரத்தின் அருமையைப் பேசியவன் நான். நான் ஒரு தடவைகூட உட்காருங்கள் என்று சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

சிஸ்டர் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அழவும் இல்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நானும் பதினெட்டு வருஷம் அப்பிடித்தான் நின்னேன். நிக்கறதுக்குப் பேருதான் மீட்டிங்குன்னு நெனச்சிகினு இருந்தேன்."

வராத எண்கள்

சிஸ்டருடைய அடுத்த மாதாந்திர ஆய்வுக் கூட்டம் முடிந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல், "எல்லாரையும் உக்கார வெச்சிட்டேன் சார்" என்றார் சுலோசனா சிஸ்டர். குரலில் பெருமையா புகாரா என்று தெரியவில்லை. சபாஷ் என்றேன். "என்னா சபாஷ்? ஒருத்திக்கும் பேச்சே வரல."

மனுக்கள்? அப்படியேதான் இருந்தன. அதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கியது. ஆடிக் கிருத்திகைக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள், கூட்டத்தில் ரேவதி மட்டும் அடிக்கடி எழுந்து எழுந்து நின்றதாகவும், ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்னதையும் சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் போனில் கேட்டது அதுதான் முதல் தடவை.

"'உக்காந்துகினு சொன்னா நம்பரு மறந்துபோவுது சிஸ்டர். நின்னு சொல்லிட்டு உக்காந்துக்கறேனே'ன்றா சார்!"

படியில்

ஆடிக் கிருத்திகைக்குப் போனேன். பக்தி பாதி, பயம் பாதி. முந்நூற்று அறுபத்தைந்து படியில் ஏறக்குறைய நடுவில் அவர்களுடைய முகாம். மேலே ஒரு சாமியானா, ஒரு மேசை, உப்புச் சர்க்கரைக் கரைசல், பஞ்சு, மருந்து, நோயாளிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. மைக்செட் நம்ம ஜாபர் பாய்தான். காணாமல்போன குழந்தைகளின் சட்டை நிறத்தை அறிவித்துக்கொண்டிருந்தார். மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை, பூக்காவடி, அரோகரா. கல் படி வெயிலில் தோசைக்கல்லாகக் காய்ந்தது. கால் கொப்பளித்தவர்கள், மயங்கினவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆறு நர்ஸம்மாக்களும் ஓடிக்கொண்டிருந்தார்கள். உத்தரவு வந்தால் இதுதான் ஏழு பேரும் சேர்ந்து செய்கிற கடைசி வேலை. அது எல்லோருக்கும் தெரியும், யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சுலோசனா சிஸ்டர் விடியற்காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தார். சாப்பிட்டீர்களா என்றதற்கு, "ஆங், ஆச்சி" என்றார். ஆகவில்லை. உச்சி வெயிலில் காவடியோடு தள்ளாடி வந்த ஒருவரைத் தாங்கிப் பிடித்து, நாற்காலியில் உட்காரவைத்து, கரைசல் கொடுத்து, தெளிய வைத்து, அனுப்பினார். அவர் அரோகரா சொல்லி நாலு படி ஏறியிருப்பார். சிஸ்டர் மேசையைப் பிடிக்கக் கை நீட்டினார், மேசை அங்கே இல்லை. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்தார். கீழே செங்குத்தாகப் படிகள்.

ரேவதி பிடித்துவிட்டாள். அவளுக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. எப்போது வந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் விசில் ஊதவில்லை, யாரும் கண்ணை மூடச் சொல்லவில்லை. சாமியானாவுக்குள் கிடத்தி, காலை நாற்காலிமேல் தூக்கி வைத்து, நாடி பார்த்து, விசிறி, எல்லாம் அரை நிமிடத்தில். சிஸ்டர் கண்ணைத் திறந்து, "எனக்கு ஒண்ணுமில்லடி" என்றார். "எல்லாப் பேஷண்ட்டும் இதத்தான் சொல்லுவாங்கன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க" என்று ரேவதி கரைசலைப் புகட்டினாள். கூட்டம் கூடிவிட்டது. மைக்கில் ஜாபர் பாய், "நர்ஸம்மாவுக்கு ஒண்ணும் இல்ல, பக்த கோடிங்க கும்பலு கூடாம காத்து வுடுங்க" என்று அறிவித்தார்.

தெளிந்ததும் சிஸ்டர் எழப் பார்த்தார். ரேவதி தோளைப் பிடித்து அந்த ஒற்றை நாற்காலியில் அழுத்தினாள். "உக்காருங்க சிஸ்டர். நாங்க சொல்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது." சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வரை அவர் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லாமலே முகாம் நடந்தது. மேலே கோயிலிலிருந்து இறங்கி வந்த யாரோ பொங்கல் தொன்னையை அவர் கையில் வைத்தார்கள். அதை அவர் அவசரமே இல்லாமல், ஒவ்வொரு முந்திரியாக, நிதானமாகச் சாப்பிட்டார். கல்யாண மண்டபத்துச் சமையல்காரர் பார்த்திருந்தால் பாயசம் காய்ச்சியிருப்பார்.

மறு வாரம் உத்தரவுகள் வந்தன. இரண்டு பேர் போனார்கள். ஒருத்திக்கு அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒருத்திக்குக் கணவர் வேலூரில். அந்த இரண்டு பேருக்கும் குடும்பச் சூழ்நிலை உண்மையிலேயே குடும்பச் சூழ்நிலைதான். மற்ற நான்கு பேரும் கிருத்திகைக்கு மறுநாளே மனுவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ரேவதியை ஒருநாள் கே.ஜி.கண்டிகை பஸ் நிறுத்தத்தில் பார்த்தபோது, என் பயிற்சியால்தானே மனம் மாறினாய் என்று கேட்க ஆசையாக இருந்தது. அதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். அவள் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"வேற எடத்துக்குப் போனா அங்கயும் ஒரு சிஸ்டர் இருப்பாங்க இல்ல சார்? அவங்கள மொதல்லேருந்து உக்கார வெக்கணும். இவங்களயே இப்பத்தான் உக்கார வெச்சிருக்கோம்!"

ஏழெட்டு வருடம் தாங்குதிறனைப் பற்றி மூச்சு முட்டப் பேசியதில் நான் உருப்படியாகச் சொன்னது 'உக்காருங்க' என்கிற ஒரே ஒரு சொல்தான், அதையும் 'நீங்க சொல்லக் கூடாது சார்' என்று சொல்லிவிட்டார்கள்.